மேக்கால வரப்பு எங்க?

முதல் லென்ஸை யாரும் தேர்ந்தெடுப்பதில்லை. கேமரா வாங்கும்போது அதே பெட்டிக்குள் தெர்மாகோல் குழியில் 18-55 என்று ஒன்று படுத்திருக்கும். கல்யாணம், குழந்தை, குலதெய்வக் கோயில், ஆபீஸ் டூர் என்று எல்லாவற்றுக்கும் அதுவே போதும். இரண்டாவது லென்ஸில்தான் ஆள் மாட்டுவான். அங்கே அவனுடைய ரசனையும் சம்பளமும் ஒரே நேரத்தில் விசாரிக்கப்படும்.

எனக்கு இருந்த பணம் 12,000 ரூபாய். கேமரா கேனானின் சின்ன சென்சார் வகை. எடுக்க விரும்பியது நிலக்காட்சி. இந்த மூன்றையும் சொன்னால் புகைப்படம் தெரிந்த யாராக இருந்தாலும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: "வைட் வாங்குங்க பாஸ்." 2014-இல் கேனான் வெளியிட்ட 10-18 எஸ்டிஎம் லென்ஸ் இந்த விஷயத்தில் கிட்டத்தட்ட சர்வரோக நிவாரணி. எடை 240 கிராம், மூலைக்கு மூலை 107 டிகிரிக்குக் கொஞ்சம் மேலேயே பார்க்கும், பழசாக வாங்கினால் என் பணத்துக்குள் வந்துவிடும். நிலக்காட்சி என்றால் அகலம், அகலம் என்றால் வைட். இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

யோசிக்க வைத்தது ஊர். நான் படம் எடுப்பது பெரும்பாலும் திருப்புட்குழியில். காஞ்சிபுரத்திலிருந்து மேற்கே, பெங்களூர் ஹைவேயில் பாலுசெட்டி சத்திரம் பக்கம். பெரியப்பா வீடு அங்கேதான். வைணவர்களுக்கு அது 108 திவ்ய தேசங்களில் ஒன்று, திருமங்கையாழ்வார் பாடிய தலம். ஜடாயுவுக்கு ராமர் ஈமக்கடன் செய்த இடம் என்பது தல புராணம். புள் என்றால் பறவை, குழி என்றால் குழிதான். கோயிலுக்கு எதிரே இருக்கும் குளத்துக்கும் ஜடாயு தீர்த்தம் என்றே பெயர். ராமானுஜர் யாதவப் பிரகாசரிடம் பாடம் படித்ததும் இந்த ஊரில்தான் என்று குருபரம்பரைக் கதைகள் சொல்லும். இவ்வளவு பெருமை இருந்தாலும் கேமராக்காரனுக்கு ஊர் ஒன்றும் சுலபமாகக் கொடுத்துவிடாது. மலை கிடையாது. அருவி கிடையாது. பாறை கிடையாது. தட்டையான பூமி, ஏரிக்கரை, கழனி, பனை, நெடுஞ்சாலையில் லாரி.

வைட் லென்ஸ் பாடமெல்லாம் மலைநாட்டுக்காரர்கள் எழுதியது என்பது என் சந்தேகம். முன்னால் ஒரு பாறை, நடுவே ஓடை, பின்னால் பனிமலை என்று மூன்று அடுக்காகக் காட்சி இருந்தால் 10 மி.மீ. பிரமாதமாக வேலை செய்யும். தொண்டை மண்டலத்துச் சமவெளியில் அதே லென்ஸை வைத்தால் மேலே பாதி வானம், கீழே பாதி வரப்பு, நடுவில் ஒரு கோடு. அந்தக் கோட்டில்தான் ஊர் முழுவதும் இருக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம், பெரிய கணக்கு இல்லை. ஒரு பனைமரம் 15 மீட்டர் உயரம், நாம் நிற்பது 500 மீட்டர் தள்ளி என்று வையுங்கள். உயரத்தைத் தூரத்தால் வகுத்து, லென்ஸின் குவியத் தூரத்தால் பெருக்கினால் சென்சார் மேல் அந்தப் பனை எவ்வளவு உயரத்துக்கு விழும் என்று தெரிந்துவிடும். 10 மி.மீ. லென்ஸில் 0.3 மி.மீ. என் கேமராவின் சென்சார் உயரம் ஏறக்குறைய 15 மி.மீ. அதாவது ஐம்பதில் ஒரு பங்கு. கடுகு. அதே பனை 250 மி.மீ. லென்ஸில் 7.5 மி.மீ., படத்தின் பாதி உயரம். இதனால்தான் என் பட்டியலில் இரண்டாவதாக 55-250 ஏறியது. அதுவும் எஸ்டிஎம், 2013-இல் வந்தது, எடை 375 கிராம். லேண்ட்ஸ்கேப்புக்கு டெலியா என்று சிரிக்க ஆள் உண்டு. ஜடாயுவின் அண்ணன் சம்பாதி கடற்கரையில் உட்கார்ந்தபடியே இலங்கையில் சீதை இருப்பதைப் பார்த்தவன். பறவையின் பெயரில் இருக்கும் ஊரில் டெலி வைத்துக்கொள்ள இதைவிட நல்ல சிபாரிசு எனக்குக் கிடைக்கவில்லை.

சிபாரிசை மட்டும் நம்ப முடியாது என்பதால், தொழில் புத்தியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினேன். ஒவ்வொரு படத்துக்குள்ளும் எந்த மி.மீ.யில் எடுத்தது என்ற தகவல் எக்ஸிஃப் என்ற பெயரில் ஒளிந்திருக்கும். அதை உருவி எண்ணினேன். மொத்தம் 4,212 படங்கள். 18-இல் 1,530, 55-இல் 1,118, மீதி நடுவே சிதறிக் கிடந்தது. இரண்டு முனையிலும் குவியல். இதைப் பார்த்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. வைட் வேண்டும் என்பவனுக்கும் இது சாட்சி, டெலி வேண்டும் என்பவனுக்கும் இது சாட்சி. அதனால் கல்யாணத்தையும் வீட்டுக்குள் எடுத்ததையும் கழித்துவிட்டு, வெளியே நின்று எடுத்த 640 படங்களை மட்டும் பார்த்தேன். இப்போது 55-இல் 271, 18-இல் 203. அந்த 203-ஐ ஒவ்வொன்றாகத் திறந்தபோதுதான் விஷயம் பிடிபட்டது. பாதிக்கு மேல் பின்னாடி உட்கார்ந்து ஓரங்களை வெட்டியிருக்கிறேன். வானத்தை வெட்டி, வரப்பை வெட்டி, அந்தக் கோட்டை மட்டும் வைத்திருக்கிறேன்.

நீங்களும் லென்ஸ் வாங்கப் போகிறீர்கள் என்றால் இந்த ஒன்றைச் செய்து பாருங்கள். எண்ணிக்கையை விட்டுவிட்டு, வெட்டியதைப் பாருங்கள்.

இன்னொரு விஷயம், காசு மிச்சப்படுத்துவது. எஃப் 2.8 லென்ஸ்களின் பக்கமே போக வேண்டாம். அகலத் துவாரத்துக்காகத்தான் அவற்றில் பெரிய கண்ணாடி, பெரிய விலை. நிலக்காட்சிக்கு எப்படியும் எஃப் 8, எஃப் 11 என்று மூடித்தான் எடுக்கப் போகிறோம். எருமை ஓடுவதில்லை, ஏரி நகர்வதில்லை, ஷட்டர் வேகம் குறைந்தால் ட்ரைபாட் இருக்கிறது. எஃப் 8-இல் மலிவான லென்ஸுக்கும் நாலு மடங்கு விலை லென்ஸுக்கும் உள்ள வித்தியாசத்தை நடுப்படத்தில் கண்டுபிடிக்க நான் முயன்றிருக்கிறேன், கண்ணுக்குத் தெரியவில்லை. மூலைகளில் தெரியும். மூலையில் பெரும்பாலும் வானம்தான்.

இதெல்லாம் ஓடிக்கொண்டிருந்தபோதுதான் பெரியப்பா கழனியை விற்க முடிவு செய்தார். ஒன்றரை ஏக்கர். ஏரிக்கரைக்கும் ஊருக்கும் நடுவே. சொர்ணவாரி, சம்பா, நவரை என்று மூன்று போகம் பார்த்த நிலம், கடைசி சில வருஷங்களாக ஒரு போகத்துக்கே ஆள் கிடைக்கவில்லை. ஹைவே பக்கம் என்பதால் விலை நன்றாகவே வந்தது. 2022 ஆகஸ்டில் பரந்தூரில் விமான நிலையம் வரும் என்று அறிவித்தார்கள். ஏகனாபுரத்தில் ஜனங்கள் நிலத்தைக் கொடுக்க மாட்டோம் என்று போராடிக்கொண்டிருந்தார்கள், அந்தப் பக்கம் வராத புரோக்கர்கள் எல்லாம் எங்கள் பக்கம் வந்தார்கள். பெரியப்பாவுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை, யாரும் மிரட்டவில்லை. அவர் வயசு 71, அவ்வளவுதான். அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது, தை மாசம் பதிவு என்று முடிவானது.

"தம்பி, அந்தக் கழனிய முழுசா ஒரு போட்டோ புடிச்சுக் குடுடா. ஃப்ரேம் போட்டு மாட்டணும்" என்றார்.

முழுசா. சரி, அப்போ வைட்தான் என்று சென்னையில் ஒரு கடையில் 10-18-ஐ நாளொன்றுக்கு 400 ரூபாய் என்று வார இறுதிக்கு வாடகைக்கு எடுத்தேன். வாங்கும் முன் வாடகைக்கு எடுத்துப் பார்ப்பது நல்ல பழக்கம், இதில் அவமானம் ஒன்றும் இல்லை. காலை 6:15-க்கு வரப்பில் முட்டி போட்டு, முன்னால் நாற்றின் பனித்துளி, நடுவே நிலம், தூரத்தில் பனைவரிசை என்று பாடப்புத்தகத்தில் சொல்லியிருந்தபடியே எடுத்தேன். 10 மி.மீ.யில் எஃப் 8 வைத்தால், ஃபோகஸை முக்கால் மீட்டர் பக்கம் நிறுத்திவிட்டு நிம்மதியாக இருக்கலாம். ஒன்றரை அடியிலிருந்து அடிவானம் வரை எல்லாம் கூர்மையாக இருக்கும். படம் நிஜமாகவே அழகு. அதுவரை நான் எடுத்ததிலேயே 'புரொபஷனலாக' இருந்தது அதுதான்.

லேப்டாப்பில் காட்டினேன். பெரியப்பா கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தார்.

"இது யார் கழனிடா?"

"நம்மளுதுதான் பெரியப்பா."

"இவ்ளோ பெருசா இருந்தா நான் எதுக்குடா விக்கப்போறன்?"

பெரியம்மா அடுப்படியிலிருந்து சிரித்தது கேட்டது. அவர் சிரிக்கவில்லை.

அவர் சொன்னது சரி. வைட் லென்ஸ் பக்கத்தில் இருப்பதைப் பெருக்கும், தள்ளி இருப்பதைச் சுருக்கும். காலடியில் இருக்கும் நாலு அடி மண் படத்தில் பாதியை எடுத்துக்கொள்ளும். 180 அடி தள்ளியிருக்கும் மேற்கு வரப்பு அடிவானத்தோடு போய் ஒட்டிக்கொள்ளும். ஒன்றரை ஏக்கர் பதினைந்து ஏக்கர் மாதிரி ஆகிவிடும். இதே வித்தை தெரிந்த இன்னொரு கூட்டம் உண்டு. ஹைவே நெடுக பேனர் கட்டியிருக்கும் மனை விற்பனைக்காரர்கள். அந்த நோட்டீஸ்களில் 600 சதுர அடி மனை கிரிக்கெட் மைதானம் போல விரிந்து கிடக்கும். ஓரத்தில் நிற்கும் நுழைவாயில் தூண் வெளிப்பக்கமாகச் சாய்ந்து நீண்டிருக்கும், அதை வைத்தே எந்த மாதிரி லென்ஸ் என்று சொல்லிவிடலாம். அந்த நிலத்தை வாங்கப் போகிறவரின் போட்டோகிராபர் எடுக்க வேண்டிய படத்தை நான் எடுத்துக் கொடுத்திருக்கிறேன் என்று அன்றைக்குத் தோன்றியது.

மறுநாள் நண்பன் ஒருவனின் 55-250-ஐ இரவல் வாங்கிக்கொண்டு ஏரிக்கரைமேல் ஏறினேன். மதகுக்குப் பக்கத்தில் நின்றால் மேற்கே முதலில் எங்கள் மோட்டார் கொட்டாய், அப்புறம் கழனி, பனைவரிசை, அதன் பின்னால் கோயில். காஞ்சிபுரத்துக் கோபுரங்களோடு பார்த்தால் சின்னக் கோபுரம். கொட்டாயிலிருந்து பார்த்தால் பனைக்குப் பின்னால் எங்கேயோ சின்னதாகத் தெரியும். கரையிலிருந்து 250-இல் பார்த்தபோது பனைக்குச் சரிசமமாக எழுந்து நின்றது.

இதை லென்ஸின் மாயம் என்று சொல்வார்கள். லென்ஸுக்கு இதில் வேலையே இல்லை, நிற்கும் இடம்தான். கொட்டாயிலிருந்து பனை 50 மீட்டர், கோயில் 550 மீட்டர் என்றால் கோயில் பனையைப் போல 11 மடங்கு தூரம். 450 மீட்டர் பின்வாங்கிக் கரைமேல் ஏறினால் பனை 500, கோயில் 1,000. வெறும் 2 மடங்கு. தூரங்களின் விகிதம் மாறியதால் உருவங்களின் விகிதமும் மாறிவிட்டது. வெறுங்கண்ணால் பார்த்தாலும் அதே விகிதம்தான், சின்னதாக இருப்பதால் நமக்கு உறைப்பதில்லை. டெலி அதை வெட்டி எடுத்துப் பெரிசாக்கிக் காட்டுகிறது, அவ்வளவே. வைட்டும் அப்படித்தான், நம்மைப் பொருளுக்குக் கிட்டே போக வைத்துவிடுகிறது.

பெரியப்பாவுக்கு இந்தப் படம் பிடித்தது. "கோயில் இவ்ளோ கிட்டயா இருக்குது? சின்ன வயசுல கழனில நின்னாலே மணி கேக்கும்" என்றார். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு படத்தின் ஓரத்தில் விரலை வைத்து, "மேக்கால வரப்பு எங்க?" என்றார்.

பனை மறைத்துக்கொண்டிருந்தது. வடக்கு வரப்பு சட்டத்துக்கு வெளியே போயிருந்தது.

"இது கோயில் படம்டா. நான் கழனி கேட்டன்."

பத்திரத்தில் 'இதற்கு நான்கெல்லை' என்று வரும் இல்லையா, அவர் மனதில் நிலம் என்றால் அது. கிழக்கே இன்னார் நிலம், மேற்கே பனைவரிசை, வடக்கே கால்வாய், தெற்கே வண்டிப்பாதை. நாலும் இருந்தால்தான் முழுசு. அழகு அந்தக் கணக்கில் வரவில்லை. நான் இரண்டு லென்ஸுக்கு நடுவே அலைந்துகொண்டிருந்தேன், அவர் கேட்டது இரண்டிலும் அடங்காத ஒன்றை. கிழக்கு வரப்பு நடுவில் இருக்கும் மோட்டார் கொட்டாய்க் கூரைமேல் நின்றால் நாலு எல்லையும் தெரியும். ஆனால் இடது கைப்பக்கம் தொடங்கி வலது கைப்பக்கம் வரை 180 டிகிரி திரும்ப வேண்டும். 10 மி.மீ. லென்ஸே பக்கவாட்டில் 96 டிகிரிதான் பார்க்கும்.

இதற்கு விடை சொன்னவர் 165 வருஷத்துக்கு முந்தைய ஒரு ராணுவ கேப்டன். லின்னேயஸ் டிரைப். மதராஸ் மாகாண அரசு 1856-இல் அவரைப் புகைப்படக்காரராக நியமித்தது. 1857 டிசம்பரில் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர் என்று காகித நெகட்டிவ்களோடு சுற்றினார். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியில் ஓடும் கல்வெட்டுகளை முழுசாகக் காட்ட வேண்டும். அந்த நீளத்தை ஒரே பார்வையில் அடக்கும் லென்ஸ் ஏது? டிரைப் பக்கத்துப் பக்கமாக நகர்ந்து நகர்ந்து எடுத்தார். 21 படங்களை ஒட்டியபோது சுமார் 19 அடி நீளம் வந்தது. இந்திய ஒளிப்பட வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பொருள் அந்தச் சுருள்தான். பட்ஜெட் விஷயத்திலும் டிரைப் நமக்கு முன்னோடி. 1859-இல் மதராஸ் கவர்னராக வந்த சார்லஸ் டிரெவெலியன், கஜானா இருக்கும் நிலையில் புகைப்படம் எடுப்பதெல்லாம் ஆடம்பரம் என்று அந்த வேலைக்கே மூடுவிழா நடத்திவிட்டார். என் வீட்டிலும் ஒரு டிரெவெலியன் உண்டு, பெயர் சொல்ல மாட்டேன்.

ஆக, பெரியப்பாவின் படத்தை நான் எடுத்தது ஏற்கெனவே என்னிடம் இருந்த 18-55-இல். கேமராவைச் செங்குத்தாகப் பிடித்தால் 18 மி.மீ.யில் ஒரு படம் பக்கவாட்டில் 45 டிகிரி பார்க்கும். மூன்றில் ஒரு பங்கு ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எடுத்தால் ஒவ்வொரு படமும் 30 டிகிரி சேர்க்கும். ஆறு படம், 195 டிகிரி. எக்ஸ்போஷரையும் ஃபோகஸையும் வெள்ளைச் சமநிலையையும் கையால் பூட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்திலும் வானம் வேறு நீலம். ஒட்டுவதற்கு ஹ்யூகின் என்ற மென்பொருள், இலவசம். இரண்டு படத்திலும் இருக்கும் ஒரே புள்ளிகளைக் கண்டுபிடிப்பதுதான் அதன் முதல் வேலை. இந்தத் துறையில் டேவிட் லோவி 1999-இல் வெளியிட்ட முறை ரொம்பப் பிரபலம், நாங்கள் கல்லூரியில் வைவாவுக்காக மனப்பாடம் செய்தது. நாற்று நட்ட வயலில் இந்தப் புள்ளிகளைத் தேடுவது கம்ப்யூட்டருக்குக் கொடுமை. எல்லா நாற்றும் ஒரே மாதிரி, அதிலும் காற்று. பனையும் கரண்ட் கம்பமும்தான் காப்பாற்றின. வண்டிப்பாதையில் போன பசு ஒன்றுக்கு ஆறு கால் வந்துவிட்டது, அதைக் கையால் சரி செய்தேன்.

36 அங்குல நீளத்துக்குப் பிரிண்ட் போட்டுக் கொண்டுபோனேன். பெரியப்பா கிழக்கிலிருந்து தொடங்கி விரலை நகர்த்திக்கொண்டே வந்தார். பனைகளை எண்ணினார், 14 சரியாக இருந்தது. "மேக்கால வரப்பு ஏன் நடுவுல கயிறு தொய்ஞ்ச மாதிரி இருக்குது?" என்று மட்டும் கேட்டார். அரை வட்டமாகப் பார்த்ததைத் தட்டையாக விரித்தால் அப்படித்தான் ஆகும் என்றேன். எதிர் வீட்டு அக்கா பார்க்க வந்தார். முப்பது வருஷமாகத் தறியில் உட்கார்ந்தவர். கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டிக் கோர்வை சேர்க்கிற கண். வானத்தில் ஒரு இடத்தைத் தொட்டு, "இங்க கோர்வை சரியா விழலியே தம்பி" என்றார். நான் மானிட்டரில் நூறு சதவீதம் பெரிசாக்கித் தேடியும் கிடைக்காத ஒட்டு. லென்ஸின் ஓரம் லேசாக இருட்டும் என்பதால் இரண்டு படம் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய நிழல்பட்டை. அது இன்னும் அந்தச் சுவரில் அப்படியேதான் இருக்கிறது.

12,000 ரூபாய் அப்படியே கையில் இருந்தது. பெரியப்பாவுக்கு வேண்டியது முடிந்துவிட்டது, இனி எனக்கு எது என்ற கேள்வி சுலபமாகிவிட்டது. அகலம் வேண்டுமென்றால் ஒட்டிக்கொள்ளலாம், இலவசம். தூரத்தை ஒட்டிக் கொண்டுவர முடியாது. 55-250-ஐப் பழசாக 8,500-க்கு வாங்கினேன். கடையில் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று: இரண்டு பக்க மூடியையும் கழற்றி, பின்பக்கமிருந்து செல்போன் டார்ச் அடித்துச் சாய்த்துப் பாருங்கள். தூசி இருந்தால் பரவாயில்லை. சிலந்தி வலை போலக் கிளைவிட்ட இழைகள் இருந்தால் பூஞ்சை, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம். சென்னைக் காற்றில் அது வளரும். வீட்டில் காற்றுப் புகாத சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல்லோடு வைத்திருக்கிறேன், அறிவியல் அவ்வளவுதான். 18-55-க்கும் இதற்கும் ஒரே 58 மி.மீ. ஃபில்டர் பொருந்துவது கூடுதல் லாபம். 10-18 என்றால் 67 வாங்கியிருக்க வேண்டும்.

மீதியில் ஒரு ட்ரைபாட். டெலியில் நிலக்காட்சி எடுக்கிறவர்களுக்கு அது லென்ஸைவிட முக்கியம் என்பேன். கையில் பிடித்தால் 250-க்கு 1/400 செகண்டாவது வேண்டும், விடியலில் அது கிடைக்காது. ஃபோகஸிலும் வைட்டின் தாராளம் இதில் கிடையாது. எஃப் 8-இல்கூட 400 மீட்டரில் ஃபோகஸ் வைத்தால் 200 மீட்டருக்கு உள்ளே எல்லாம் மங்கல். எட்டு மணிக்கு மேல் கழனிச் சூட்டில் காற்று நெளிய ஆரம்பித்துவிடும், கோபுரம் தண்ணீருக்குள் இருப்பதுபோல ஆடும். அதை எந்த விலை லென்ஸும் நிறுத்தாது.

தையில் பதிவு முடிந்தது. வாங்கியவர்கள் பயிர் வைக்கவில்லை. மாசியில் சுற்றிலும் கல் கம்பம் நட்டுக் கம்பி இழுத்தார்கள். பெரியப்பா அந்த வழியே போவதில்லை, ஏரிக்கரைக்கு மட்டும் என்னோடு வருவார். போன ஞாயிறு மதகு பக்கம் ட்ரைபாட் வைத்து 250-இல் எடுத்தேன். எட்டடிக்கு ஒன்றாக நட்ட கம்பங்கள் படத்தில் ஒன்றோடு ஒன்று இடித்துக்கொண்டு வேலி மாதிரி தெரிந்தன. பெரியப்பா கேமரா திரையை வாங்கி, பட்டனை அழுத்திப் பெரிசாக்கி, இடதுபுறமாக நகர்த்திக்கொண்டே போனார்.

"கொட்டாய இன்னும் இடிக்கலடா" என்றார்.

"இல்ல பெரியப்பா."

"மோட்டார கழட்டிட்டாங்களா, தெரியுதா பாரு."

கதவு மூடியிருந்தது. 250-இல் அதற்கு மேல் தெரியவில்லை.